மேடனில் டிஃபென்ஸ் ஆடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடன் என்.எஃப்.எல். என்ற அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேமை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பந்து தங்கள் கையில் இருக்கும்போது மட்டும்தான் ஆடுகிறார்கள். எதிரணிக்குப் பந்து போனதும் கைக்கு வந்த ஒரு ப்ளேயை (முன்கூட்டி வகுத்த ஆட்டத் திட்டம்) தேர்ந்தெடுத்துவிட்டு, ஆள் மாற்றும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மேட்ச் 42-38 என்று முடியும். அந்த 38-ஐ 17 ஆக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

பட்டன்களை பிளேஸ்டேஷன் பெயரிலேயே சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் முக்கோணத்துக்கு ஒய், வட்டத்துக்கு பி, சதுரத்துக்கு எக்ஸ், கிராஸுக்கு ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு பட்டன்கள் இடம் மாறும். ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து பின்னால் கைமாறி ப்ளே தொடங்கும் முன், திரையில் வரும் மெனுவே வழிகாட்டிவிடும்.

அமெரிக்க ஃபுட்பால் பார்த்ததே இல்லை. டிஃபென்ஸ் ஆட எவ்வளவு விதி தெரிந்தால் போதும்?

கொஞ்சம் போதும். இரு பக்கமும் 11 பேர். மைதானம் 100 யார்டு, இரண்டு கோடியிலும் 10 யார்டு எண்ட் ஜோன். எதிரணிக்கு நான்கு வாய்ப்புகள், ஒவ்வொன்றும் ஒரு டவுன். அதற்குள் 10 யார்டு போய்விட்டால் மறுபடி முதல் டவுனிலிருந்து ஆரம்பிப்பார்கள். டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன்பின் உதைக்கு 1. ஃபீல்டு கோலுக்கு 3.

இந்தக் கணக்கிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு ப்ளேக்கு மூன்று யார்டு வீதம் மூன்று முறை கொடுத்தாலும் மொத்தம் ஒன்பதுதான். நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை உதைத்துத் திருப்பித் தந்துவிட வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு ப்ளேயையும் தடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. கிரிக்கெட்டில் ஐந்து பேரை எல்லைக்கோட்டில் நிறுத்தும் கேப்டன், சிங்கிள் போகும் என்று தெரிந்தேதான் நிறுத்துகிறார். இங்கும் அப்படித்தான்: எதைக் கொடுக்கப் போகிறோம் என்பதை ஸ்னாப்புக்கு முன்னால் நாம் முடிவு செய்துவிட வேண்டும். நாம் செய்யாவிட்டால் எதிராளி செய்வான்.

4-3, 3-4, நிக்கல், டைம் என்று ஏகப்பட்ட ஃபார்மேஷன் இருக்கிறதே, எதை எடுப்பது?

ப்ளே தேர்ந்தெடுக்கும் திரையில் எதிரணி எத்தனை ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்), எத்தனை டைட் எண்ட் (தடுக்கவும் பாஸைப் பிடிக்கவும் செய்பவர்), எத்தனை ரிசீவரோடு (பாஸைப் பிடிப்பவர்) வருகிறது என்று காட்டும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மூன்று ரிசீவர் என்றால் நிக்கல், அதாவது ஐந்து டிஃபென்சிவ் பேக் (ரிசீவர்களைக் காப்பவர்கள்: ஓரத்தில் கார்னர், பின்னால் சேஃப்டி). நான்கு ரிசீவர் என்றால் டைம், ஆறு பேர். இரண்டு டைட் எண்டோ இரண்டு ரன்னிங் பேக்கோ வந்தால் 4-3 (முன்வரிசையில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்) அல்லது 3-4. நிஜ என்.எஃப்.எல்.லிலும் இப்போதெல்லாம் பாதிக்கும் மேற்பட்ட ப்ளேக்களில் நிக்கல்தான் நிற்கிறது. அதனால் குழப்பமாக இருந்தால் நிக்கலிலேயே இருங்கள்.

46 என்ற ஃபார்மேஷனைப் பார்த்து ஆசைப்படாதவர் கிடையாது. சிகாகோ பேர்ஸ் அணியின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் படி ரையன் 1980-களின் தொடக்கத்தில் வகுத்தது. 1985 சீசனில் அந்த அணி என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 46-10 என்று நொறுக்கியது. ஆனால் இன்றைய மேடனில் மூன்று ரிசீவருக்கு எதிராக அதை வைத்தால், லைன்பேக்கர் ஒருவர், உள்பக்கம் நிற்கும் வேகமான ஸ்லாட் ரிசீவரைத் துரத்தும் பரிதாபத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கோல் லைன் பக்கம் வேண்டுமானால் எடுங்கள்.

கவர் 2, கவர் 3, கவர் 4 என்றால் என்ன?

அந்த எண், ஆழத்தைக் காப்பவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. கவர் 3-இல் மூன்று பேர் மைதானத்தின் அகலத்தை மூன்றாகப் பிரித்துப் பின்னால் நிற்பார்கள், நான்கு பேர் நடுத்தரத் தூரத்தில், மீதி நான்கு பேர் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைத் தேடிப் போவார்கள்; இதுதான் ரஷ். கவர் 2 என்றால் பின்னால் இரண்டு, நடுவில் ஐந்து. கவர் 4 என்றால் பின்னால் நான்கு, நடுவில் மூன்று. ரஷ் போகிறவர்கள் மூன்றிலும் வழக்கமாக நான்கு பேர். பதினொன்றைப் பங்கு போடும் வேலைதான்; ஒரு பக்கம் ஆள் கூடினால் இன்னொரு பக்கம் ஓட்டை விழும்.

ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் ப்ளேயின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட முக்கியம். கவர் 3-இல் பந்து நிற்கும் கோட்டருகே பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளாட் பகுதியும், ஆழத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு இடைப்பட்ட சந்தும் திறந்திருக்கும். நான்கு ரிசீவர்களும் நேராக மேலே ஓடினால் அந்தச் சந்தில் பந்து விழும். கவர் 2-இல் இரண்டு இடங்கள்: கார்னருக்குப் பின்னால், சேஃப்டிக்கு முன்னால், எல்லைக்கோட்டை ஒட்டிய பகுதி ஒன்று, இரண்டு சேஃப்டிக்கும் நடுவே ஆழமான பகுதி இன்னொன்று. அந்த நடு ஓட்டையை அடைக்கத்தான் டாம்பா 2. டோனி டஞ்சியும் மான்டி கிஃபினும் டாம்பா பே அணியில் பிரபலமாக்கிய அதில், நடு லைன்பேக்கர் ஸ்னாப் ஆனதும் பின்னோக்கி ஓடி அந்த இடத்தை நிரப்புவார். கவர் 4-இல் பெரிய அடி விழாது. ஆனால் ஐந்து யார்டு, ஆறு யார்டு என்று கொறித்துக்கொண்டே வருவார்கள்.

கவர் 1 என்றால் பின்னால் ஒரே ஒரு சேஃப்டி, மற்றவர்கள் ஆளுக்கு ஆள், அதாவது மேன் கவரேஜ். கவர் 0-இல் அந்த ஒருவரும் இல்லை. ஒரு டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) தவறினால் டச்டவுன்தான். ஆன்லைனில் ப்ளேக்கு ப்ளே கவர் 0 அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது சூதாட்டம், சில நாள் அடிக்கும், பல நாள் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு: நிக்கலில் ஒரு கவர் 3, ஒரு டாம்பா 2, ஒரு கவர் 1. ஒரு மாதம் இந்த மூன்றோடு ஓட்டலாம்.

திரையில் மஞ்சள், ஊதா, நீலம் என்று வட்டங்கள் தெரிகின்றன. அவை?

கருநீலம் ஆழம் காப்பவர். மஞ்சள், நடுவில் நிற்கும் ஹுக் ஜோன். ஊதா, பக்கவாட்டில் சற்று ஆழமாக நிற்கும் கர்ல் ஃப்ளாட். வெளிர் நீலம், கோட்டருகே நிற்கும் ஃப்ளாட். எதிராளி ஃப்ளாட்டுக்கே வீசுகிறான் என்றால் ஊதாவை வெளிர் நீலமாக மாற்றுங்கள். அப்போது அதற்குப் பின்னால் இருக்கும் இடம் காலியாகும், அதையும் நினைவில் வையுங்கள். புதிய பதிப்புகளில் கோச்சிங் அட்ஜஸ்ட்மென்ட் பகுதிக்குப் போய் இந்த ஜோன்கள் எத்தனை யார்டில் நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிடலாம்.

நான் யாரை ஓட்டுவது?

பழகும் வரை டிஃபென்சிவ் லைனில், அதாவது முன்வரிசையில், ஒருவரை எடுங்கள். அங்கே நீங்கள் சொதப்பினாலும் பின்னால் ஏழு பேர் இருக்கிறார்கள். தைரியம் வந்தபின் நடு லைன்பேக்கருக்கு, அதாவது மைக்குக்கு மாறுங்கள். மேடனில் நன்றாக ஆடுகிற பெரும்பாலானவர்கள் உட்காரும் இடம் அதுதான். கம்ப்யூட்டர் ஓட்டும் டிஃபெண்டர் தன் ஜோனுக்குள் யாராவது வந்த பிறகே அசைவார். பந்து எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே சந்தேகப்படுகிற ஒரே ஆள் நீங்கள். அந்தச் சந்தேகத்தை நடுவில் வைத்தால்தான் பலன்.

மைக்கை ஓட்டும்போது எல்2-ஐப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள். அப்போது முகம் குவார்ட்டர்பேக்கைப் பார்த்தே இருக்கும். ஆர்2-ஐப் பிடித்து முழு வேகத்தில் ஓடினால் திரும்பும்போது இரண்டு அடி வீணாகும். அந்த இரண்டு அடியில்தான் பந்து கடந்துபோகும்.

ஒரு ப்ளேயை முழுசாக விளக்க முடியுமா?

மூன்றாவது டவுன், 8 யார்டு தேவை. எதிராளி ஷாட்கன்னில், அதாவது குவார்ட்டர்பேக்கைச் சற்றுப் பின்னால் நிறுத்தி, நிற்கிறான். வலப்பக்கம் மூன்று ரிசீவர், இடப்பக்கம் ஒரு டைட் எண்ட், குவார்ட்டர்பேக் பக்கத்தில் ஒரு ரன்னிங் பேக். நீங்கள் நிக்கல் கவர் 3 வைத்திருக்கிறீர்கள். மைக் உங்கள் கையில்.

பந்து ஸ்னாப் ஆகிறது. ஆஃபென்சிவ் லைன் முன்னே பாயாமல் பின்வாங்குகிறது, பாஸ்தான். வலப்பக்கம் வெளியே இருந்த ரிசீவர் நேராக மேலே ஓடி உங்கள் கார்னரை இழுத்துக்கொண்டு போகிறார். நடு ஆள் ஃப்ளாட்டுக்கு வெட்டுகிறார். உள்ளே இருந்த மூன்றாவது ஆள் பத்து யார்டு போய் நடுவை நோக்கித் திரும்பப் போகிறார். அதே நேரம் ரன்னிங் பேக் உங்கள் மூக்குக்கு நேராக இரண்டு யார்டில் வந்து கையை நீட்டுகிறார்.

கை அரிக்கும், அவர்மேல் பாயச் சொல்லும். பாயாதீர்கள். எதிராளி எதிர்பார்ப்பதே அதைத்தான். நீங்கள் முன்னே ஓடினால் உங்கள் தலைக்குப் பின்னால் பத்து யார்டில் அந்த மூன்றாவது ஆள் தனியாக நிற்பார். எல்2-ஐப் பிடித்தபடி இரண்டு மூன்று அடி பின்னால் போய், அவருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் இடைப்பட்ட கோட்டில் நில்லுங்கள். அவருடைய தோள் உள்பக்கம் திரும்பியதும் ஒரு அடி அதே பக்கம். பந்து கையைவிட்டுப் போனதும் முக்கோணம். பந்தை நீங்களே பிடித்து இன்டர்செப்ஷன் வரலாம், அல்லது கையில் பட்டுத் தெறிக்கலாம்.

அவன் பயந்துபோய் ரன்னிங் பேக்குக்கே கொடுத்துவிட்டால்? மூன்று யார்டு எடுப்பான். நீங்கள் ஓடிவந்து மடக்குங்கள். நான்காவது டவுன், ஐந்து யார்டு பாக்கி. பந்தை உதைக்க ஆள் வருவார்.

எத்தனை பேரை பிளிட்ஸ் அனுப்பினாலும் குவார்ட்டர்பேக் தப்பித்துவிடுகிறாரே?

பிளிட்ஸ் என்றால் வழக்கமான நான்கு பேருக்கு மேல் ரஷ் அனுப்புவது. எதிரணி லைனில் ஐந்து பேர். ரன்னிங் பேக்கும் நின்று தடுத்தால் ஆறு. நீங்கள் ஆறு பேரை அனுப்பி எல்லோரும் நேராக முட்டினால் ஆளுக்கு ஆள் சரியாகிவிடும், பின்னால் மட்டும் காலியாகக் கிடக்கும். எண்ணிக்கையைவிட, ஒரே பக்கம் அவர்களால் எண்ண முடியாதபடி ஆட்களைக் குவிப்பதுதான் வேலை செய்யும். இடப்பக்கம் மூன்று பேர் பாய்ந்து அங்கே தடுக்க இரண்டே பேர் இருந்தால் ஒருவர் சுதந்திரம்.

இன்னொரு வழி பொய். ஷோ பிளிட்ஸ் கொடுத்து லைன்பேக்கர்களைக் கோட்டருகே நிறுத்துங்கள், ஆனால் ப்ளே கவர் 3-ஆகவே இருக்கட்டும். எதிராளி அவசரமாக நடுவில் ஒரு சின்ன பாஸ் போடுவான். அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள்.

லைனில் ஒருவரை நீங்களே ஓட்டினால், ஸ்னாப் ஆன கணத்திலிருந்து வலது ஸ்டிக்கைச் சுழற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தடுப்பவரைத் தொடும் நேரத்தில் ஒரு மூவ். அண்மைப் பதிப்புகளில் ஒரே மூவைத் திரும்பத் திரும்பப் போட்டால் அவர் பழகிக்கொள்வார், ஆகவே மாற்றிப் போடுங்கள்.

ரன் ப்ளேயை நிறுத்தவே முடியவில்லை.

முதலில் எதிரணி லைனைப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். முன்னே பாய்ந்தால் ரன், பின்வாங்கினால் பாஸ். ரன் போலக் காட்டிவிட்டு பாஸ் வீசும் ப்ளே ஆக்ஷனில் மட்டும் இது கொஞ்சம் ஏமாற்றும்.

பிறகு, உங்கள் ஆளை வெளிப்பக்கத்தில் வைத்திருங்கள். ரன்னரை நடுவுக்குத் திருப்பிவிட்டால் அங்கே உங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். வெளியே விட்டுவிட்டால் அவருக்கும் எண்ட் ஜோனுக்கும் நடுவே ஒரே ஒரு சேஃப்டி. நடுவிலேயே குத்திக்கொண்டு வருபவனுக்கு டிஃபென்சிவ் லைனைப் பிஞ்ச் செய்யுங்கள், அதாவது நடுவே நெருக்குங்கள். ஓரமாக ஓடுபவனுக்கு விரியுங்கள். இரண்டும் டி-பேட் இடப்பக்கம் அழுத்தினால் வரும் மெனுவில் இருக்கின்றன. ரன் வரும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லும் வசதியும் உண்டு. ஊகம் தப்பி பாஸ் வந்தால் உங்கள் ஆட்கள் ஏமாந்து நிற்பார்கள், எனவே ஒரு யார்டு தேவைப்படும் டவுனுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்டர்பேக்கே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். என்ன செய்வது?

இந்தப் புலம்பலுக்கு வயது இருபதுக்கு மேல். மேடன் என்.எஃப்.எல். 2004-இன் அட்டையில் அட்லாண்டாவின் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் இருந்தார். அந்த ஆட்டத்தில் அவர் வேகத்துக்குப் பெரும்பாலான டிஃபெண்டர்கள் ஈடுகொடுக்கவே முடியாது. நண்பர்களுக்குள் ஆடும்போது அந்த அணியை எடுக்கவே தடை போட்ட வீடுகள் உண்டு. அடுத்த ஆண்டுப் பதிப்பின் அட்டைக்கு பால்டிமோர் லைன்பேக்கர் ரே லூயிஸ் வந்தார், கூடவே வலது ஸ்டிக்கால் பலமாக மோதும் ஹிட் ஸ்டிக்கும் வந்தது. பழிவாங்கியதாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று லமார் ஜாக்சன் போன்ற ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு எதிராக இரண்டு ஆயுதங்கள். ஒன்று கன்டெயின்: ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டுகள் உள்ளே பாயாமல் வெளிப்பக்கத்தைக் காத்து நிற்பார்கள். மற்றொன்று ஸ்பை: ஒரு லைன்பேக்கர் குவார்ட்டர்பேக்கையே கண்காணித்துக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் விலை உண்டு. கன்டெயினில் ரஷ் தளர்ந்து அவருக்கு வீச நேரம் கிடைக்கும், ஸ்பையில் கவரேஜில் ஒருவர் குறைவார். என் தேர்வு கன்டெயின், அதோடு நடுவழியாக ஒரு லைன்பேக்கரை பிளிட்ஸ் அனுப்புவது. வெளியேயும் போக முடியாது, உள்ளேயும் நிற்க முடியாது.

ஸ்பையை வேகமான ஆளுக்குக் கொடுங்கள். மெதுவான லைன்பேக்கரை ஸ்பையாக வைப்பது வீண். பார்த்துக்கொண்டே இருப்பார், பிடிக்க மாட்டார்.

டேக்கிள் அடிக்கடி தவறுகிறது.

ஹிட் ஸ்டிக்கைக் குறையுங்கள். வலது ஸ்டிக்கை மேலே தள்ளும்போது வரும் அந்த மோதல் பார்க்க அழகாக இருக்கும், பந்தும் சில சமயம் சிதறும். தவறினால் கீழே கிடப்பது நீங்கள்தான். 2024-இல் வந்த பதிப்பிலிருந்து அதற்கு நேரம் பார்த்து அடிப்பது இன்னும் முக்கியமாகிவிட்டது. உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் அடியுங்கள். கடைசி ஆளாக இருந்தால் ஒழுங்காக எதிரே போய் நின்று பிடியுங்கள். பெரிய உடம்புக்காரருக்கு ஸ்டிக்கைக் கீழே தள்ளிக் காலை வாருங்கள். சதுரத்தை அழுத்திப் பாய்வது பின்னாலிருந்து துரத்தும்போது மட்டும்.

முன்னணியில் இருக்கும்போது டேக்கிளிங்கை கன்சர்வேடிவ் என்று வைத்துவிடுங்கள்.

பந்து காற்றில் இருக்கும்போது எந்தப் பட்டன்?

முக்கோணம் பந்தைப் பிடிக்க, சதுரம் தட்டிவிட, கிராஸ் ரிசீவரை அடித்து மடக்க. எல்லோரும் முக்கோணத்தையே அழுத்துகிறார்கள். நான்காவது டவுனில் யோசியுங்கள். எதிராளி 30 யார்டு தள்ளி வீசிய பந்தை நீங்கள் அங்கேயே பிடித்து விழுந்தால், பந்து உங்களுக்கு அந்த இடத்திலிருந்துதான். தட்டிவிட்டால் ப்ளே ஆரம்பித்த இடத்திலிருந்து. முப்பது யார்டு இலவசம்.

ரிசீவருக்குப் பின்னால் இருந்தபடி முக்கோணம் அழுத்தினால் கம்ப்யூட்டர் உங்கள் ஆளைப் பந்தை நோக்கி இழுக்கும், அவர் டேக்கிள் கோணத்தை இழப்பார். பின்னால் இருந்தால் கிராஸ்தான்.

ஸ்னாப்புக்கு முன் என்னென்ன மாற்ற வேண்டும்?

இரண்டு மாற்றம் போதும். முக்கோணத்தை அழுத்தினால் கவரேஜ் மெனு. முன்னணியில் இருக்கும்போது வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் டிஃபெண்டர்கள் ரிசீவருக்கு மேல்பக்கம் நிற்பார்கள், கீழே தள்ளினால் சின்ன பாஸுக்குக் காத்திருப்பார்கள். இரண்டாவது, உங்களைக் கவலைப்படுத்தும் ஒரு ரிசீவருக்கு ஒரு தனிக் கட்டளை. ஐந்து ஆறு மாற்றம் செய்யப்போனால் நடுவிலேயே ஸ்னாப் ஆகிவிடும். உங்கள் மைக் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

எதிராளி ஒரு ரிசீவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவைப்பது சும்மா இல்லை. உங்கள் ஆள் ஒருவர் அவரோடே ஓடினால் மேன் கவரேஜ் என்று தெரிந்துகொள்வான்.

ஒரே ப்ளேயைத் திரும்பத் திரும்ப ஓடுபவனை என்ன செய்ய?

திட்டாதீர்கள், நன்றி சொல்லுங்கள். பிராக்டிஸ் மோடுக்குப் போனால் எதிரணி ப்ளேயையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த ப்ளேயை எதிரணிக்குக் கொடுத்து, உங்கள் மூன்று கவரேஜையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எந்த ரிசீவர் எந்தக் கவரேஜில் திறந்து நிற்கிறார் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை அந்த ஒரு இடத்தில் உங்கள் மைக்கைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அதன்பின் அவனிடம் இரண்டாவது ப்ளே இருக்கிறதா என்று பார்ப்போம்.

எதிராளி என் 20 யார்டுக்குள் வந்துவிட்டால்?

உங்களுக்குச் சாதகம். ஆழம் குறைந்துவிட்டது, எண்ட் ஜோனின் கடைக்கோடே ஒரு டிஃபெண்டர் மாதிரி. கவர் 4 வைத்து நான்கு பேரைப் பின்னால் நிறுத்துவது பத்து யார்டுக்குள் அர்த்தமில்லை. டாம்பா 2 அல்லது பிரஸ் (ரிசீவரை ஒட்டி நின்று தடுப்பது) வைத்த மேன் கவரேஜ். மூன்று புள்ளிக்கு விட்டுவிட்டால் போதும் என்ற எண்ணத்தோடு ஆடுங்கள். ஒரு யார்டுக் கோட்டில் கோல் லைன் ஃபார்மேஷன் வைத்தால், உங்கள் மைக் டைட் எண்டைப் பார்க்கட்டும். ரன் போலக் காட்டி அவருக்கு மெதுவாகத் தூக்கிப்போடுவது பழைய தந்திரம், இன்னும் வேலை செய்கிறது.

கீபோர்டில் ஆடலாமா?

ஆடலாம். வலது ஸ்டிக் இல்லாமல் டிஃபென்ஸ் கஷ்டம். ஒரு கன்ட்ரோலர் வாங்கிவிடுங்கள்.

வேண்டுமென்றே டச்டவுன் விடுவார்களாமே, நிஜமா?

நிஜம். 2012 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து 17-15 என்று முன்னிலை. நியூயார்க் ஜயண்ட்ஸ் 6 யார்டுக் கோட்டில் நிற்கிறது, ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி. ஜயண்ட்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் ஒரு ஃபீல்டு கோல் உதைத்தால் கதை முடிந்தது. அதனால் நியூ இங்கிலாந்து டிஃபென்ஸ் வழிவிட்டது. ஜயண்ட்ஸ் ரன்னிங் பேக் அகமது பிராட்ஷா கோட்டருகே வந்தபின் சுதாரித்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. பின்புறமாக எண்ட் ஜோனுக்குள் விழுந்தார். நியூ இங்கிலாந்து குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு 57 வினாடி கிடைத்தது. அது போதவில்லை, ஆட்டம் 21-17 என்று முடிந்தது. ஆனாலும் கணக்கு சரியான கணக்கு.

மேடனில் இதைச் செய்ய நிலைமை சரியாக இருக்க வேண்டும்: ஸ்கோர் சமம் அல்லது நீங்கள் ஒன்றிரண்டு புள்ளி முன்னிலை, எதிராளி உங்கள் கோட்டருகே, உங்களிடம் டைம்அவுட் இல்லை. மைக்கை ஓரமாக ஓட்டிக்கொண்டு போங்கள், உங்கள் ஆட்கள் எல்லோரும் பிளிட்ஸ் போகும் ஒரு ப்ளேயை வையுங்கள். ஆன்லைனில் எதிரே இருப்பவன் விவரமானவன் என்றால் ஒரு யார்டில் தானே கீழே விழுந்துவிடுவான். அப்படி ஒருவன் அகப்பட்டால் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள்.